வாங்கித் தர வந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று காலை சான் ரமோனில் என் ஆபீஸ் பக்கத்துக் காபிக் கடையில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர் நின்றிருந்தார். காபிக்கு ஐந்து டாலர் நோட்டை நீட்டினார். கேஷ் வாங்குவதில்லை என்று கவுண்டரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கடைப்பெண் சிரித்த முகத்தோடு காட்டினாள். அவர் நோட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். நீங்களும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பீர்கள். எனக்குக் காபி குடிக்கும் ஆசையே போய்விட்டது.

அம்மா தவறிய அடுத்த வருடம், ஆறு மாதம் என்னோடு இருக்கக் கோபியிலிருந்து வந்தீர்கள். பெட்டியைத் திறந்ததும் பருப்புப்பொடிக்கும் முறுக்குக்கும் முன்னால் ஒரு கவரை எடுத்துக் காட்டினீர்கள். உள்ளே டாலர் நோட்டுகள். பென்ஷன் பணத்தில் கோயம்புத்தூர் வரை போய் மாற்றி வந்திருந்தீர்கள்.

"எதுக்குங்கப்பா இது? இங்க யாரும் கேஷே தொடறதில்ல" என்றேன்.

"பொண்ணு ஊட்டுல ஆறு மாசம் கைய வீசிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா கண்ணு? மாப்ள என்ன நெனப்பாரு?"

மாப்பிள்ளை ஒன்றும் நினைக்கிறவர் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் சென்னையில் இருந்த காலத்தில், ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்க வந்தாலும் உங்கள் கையில் ஒரு சீப்புப் பழமாவது இருக்கும். என் வீட்டு வாசலை நீங்கள் வெறுங்கையோடு மிதித்ததே கிடையாது.

உங்களைப் பழைய காலத்து ஆள் என்றும் சொல்லிவிட முடியாது. கரண்ட் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கோபியில் இளநீர்க்காரரிடம்கூட போனில் ஸ்கேன் செய்துதான் காசு கொடுப்பீர்கள். சில்லறை தேடுகிறவர்களைக் கிண்டல் வேறு செய்வீர்கள். இங்கே வந்த பிறகு அந்தப் போன் படம் பார்க்க மட்டும்தான் உதவியது. இந்த ஊரில் பேங்க் கணக்கு இல்லாத விசிட்டருக்கு அது என்ன செய்யும்? "போன்ல குடுக்க எனக்கொண்ணும் பயமில்ல கண்ணு. இங்க என்ற போனை ஒருத்தரும் மதிக்க மாட்டீங்கறாங்க" என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பேத்திக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து, கடை மூடியிருக்கிறது என்றீர்கள். பிள்ளைக்குப் பொய் சொல்ல வருமா? நீங்கள் பாத்ரூம் போனதும் என்னிடம் வந்து, "அம்மா, ஷாப் வாஸ் ஓப்பன். தே டிட்ன்ட் டேக் தாத்தாஸ் மணி" என்றாள்.

இதைச் சரிசெய்வது எனக்கு ஒரு பெரிய விஷயமா? உங்கள் போனை வாங்கி என் கிரெடிட் கார்டை அதில் ஏற்றிக் கொடுத்தேன். "இனிமே எங்க வேணா போய் டேப் பண்ணுங்கப்பா" என்று பெருமையோடு சொன்னேன். நீங்கள் அந்தப் போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தீர்கள்.

"உன்ற காசுல உனக்கே வாங்கித் தர்றதுக்கு நான் எதுக்கு சாமி?"

அதற்கும் சிரித்தேன். அன்று அந்தக் கேள்வி என் மண்டையில் ஏறியிருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். பொங்கல் விழாவில் சாப்பாட்டுக் கவுண்டர் முழுக்கக் கேஷ்லெஸ் ஆக வேண்டும் என்று கமிட்டியில் மல்லுக்கு நின்றேன். கசங்கிய நோட்டு வேண்டாம், சில்லறைத் தகராறு வேண்டாம், வரிசை மளமளவென்று நகரும். ஒரு அங்கிள் மட்டும், "எதுக்கும்மா முழுக்க? ஒரு ஓரமா ஒரு கேஷ் டப்பா வெச்சுக்கலாமே" என்று கேட்டார். ஒன்றை விட்டால் எல்லாம் கெடும் என்று அவர் வாயை அடைத்தேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அப்பா. இன்றைக்கும் என் பர்ஸில் ஒரு நோட்டு கிடையாது. ஆனால் அந்த அங்கிள் சொன்ன ஓரத்தில் நிற்கப்போவது நீங்கள்தான், அதை நான் பார்க்கவில்லை.

விழா அன்று பள்ளிக்கூட ஹாலில் கவுண்டரில் நானே உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் வரிசையில் நின்று நீங்கள் என் முன்னால் வந்தீர்கள். வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் நோட்டுகள் தயாராக இருந்தன. பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஆர்டர் சொன்னீர்கள்.

"மாப்ளைக்குக் கொத்து பரோட்டா, பாப்பாவுக்குத் தோசை, உனக்கு ரெண்டு மெதுவடை. இன்னிக்கு எல்லாருக்கும் நான் வாங்கித் தர்றேன்."

"அப்பா, கேஷ் வாங்கறதில்லீங்கப்பா. நான் போட்டுக்கறேன், நீங்க போய் உக்காருங்க."

சொல்லிக்கொண்டே என் போனைத் தட்டிவிட்டேன். மெஷின் டிங் என்றது. "செரி கண்ணு" என்று நோட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டு ஒதுங்கினீர்கள். அடுத்தவர் ஆர்டர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். உங்கள் பணத்தை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதே போனைத் தட்டியிருக்கலாம். சங்கத்து விதி ஒன்றும் உடைந்திருக்காது. கமிட்டிக்காரர்கள் பார்க்கிறார்களே, சட்டம் போட்டவளே நோட்டை வாங்கினாள் என்று பேச்சு வருமே என்ற வீம்புதான் என்னைத் தடுத்தது. வீட்டுக்குப் போகும்போது காரில் உங்கள் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மாமா ஒண்ணுமே சாப்பிடல. பசிக்கலன்னுட்டார்."

ஏன் என்று அப்போதாவது உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் அந்தக் கவரை என் கையில் திணித்தீர்கள். "இத வெச்சு நான் என்ன பண்றதுங்கப்பா, ஊர்ல மாத்திக்குங்க" என்று உங்கள் பைக்குள்ளேயே திருப்பிச் சொருகினேன். உங்கள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆடி மாதம் தம்பி போன் செய்தான். நான் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் சங்கக் கமிட்டி கூடியது. இந்த முறை கேஷ் வாங்க ஒரு கவுண்டர் வேண்டும் என்று நான் கேட்டேன். கசங்கிய நோட்டு, சில்லறைத் தகராறு, மெதுவாக நகரும் வரிசை என்று என் வசனத்தையே எனக்கு ஒப்பித்தார்கள். கோபப்பட எனக்கு என்ன வாய் இருக்கிறது? கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார்: "ஊர்லேர்ந்து வந்திருக்கற பேரன்ட்ஸுக்கு எல்லாம் ஃப்ரீன்னு வெச்சுடலாமே. பிரச்சனையே இல்ல."

எல்லாரும் கை தூக்கினார்கள். நான் மட்டும், "ஃப்ரீன்னா எங்கப்பா வரிசையிலயே நிக்க மாட்டார்" என்றேன்.

நீங்கள் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

தீர்மானம் தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை, அப்பா; அடுத்த வருடமும் கேட்பேன். ஆறு மாதம் என் வீட்டில் இருந்தீர்கள். உங்கள் காசில் நான் ஒரு வடைகூட வாங்கித் தின்னவில்லை.

உங்கள் கண்ணு