ரஷ்யாவுக்காக நான், ஜப்பானுக்காக நீ

திருநின்றவூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. நேற்றுக் காலை பேத்தியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நின்றேன். கடைக்காரர் ட்யூபை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சொல்யூஷனைப் பிதுக்கித் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபது வயதாகிவிட்டது. உன் சைக்கிள் கேரியரில், புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு கையால் சாப்பாட்டுத் தூக்கையும் மறு கையால் உன் இடுப்பையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே நினைப்பு. சண்டையில்லாமல் உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நமக்குள் எல்லாமே சண்டையில்தானே ஆரம்பித்தது. அறுபதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோவுக்குக் காயில் சுற்றும் அந்தச் சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் வாரம். சாப்பாட்டு நேரத்தில் எதற்கோ நான் ஜப்பானைப் பற்றிச் சொன்னேன். ஸ்டேஷன் பக்கத்தில் மின்சாமான் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு ஜப்பான் என்றால் உயிர். போரில் தோற்றுச் சாம்பலாகிப் போன நாடு, வரியைக் குறைத்தார்கள், ஜனங்கள் சேர்த்து வைத்தார்கள், அந்தப் பணத்தில் ஆலை எழுந்தது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசுவார். அதைத்தான் நானும் ஒப்பித்தேன்.

பெஞ்சின் மறுகோடியில் இருந்து உன் குரல் வந்தது.

"இன்னாமே, ஜப்பான்ல கூலிக்காரன் ஊட்டு வாடகை எவ்ளோன்னு உங்கப்பா சொல்லலியா? ரஷ்யாவுல வந்து பாரு. வாடகை பேருக்குத்தான் கீது. ஆஸ்பத்திரிக்குத் துட்டே கிடையாது. ஆலையே சர்க்காரோடது, அப்பால ஏழைகிட்ட இன்னாத்துக்கு வரி?"

"நீ ரஷ்யாவுக்குப் போய்ட்டு வந்தியா?"

"நீ ஜப்பான்லேந்து நேரா இங்கதான் வந்தியா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அன்றைக்கே நமக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நீ ரஷ்யா, நான் ஜப்பான். "ரஷ்யாவுக்கு டீ வந்துச்சு, ஜப்பானுக்கு இன்னும் வரல" என்று டீ ஊற்றும் ஆயா வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உன் நைனா ரயில்வேயில் வேலை பார்த்தவர், செங்கொடிச் சங்கத்துக்காரர். வழவழ தாளில் வந்த ரஷ்யப் பத்திரிகையை நீ முதலில் படித்துவிட்டுத்தான் தம்பிகளின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடக் கொடுப்பாய். வருமான வரியில் யாருக்கு எவ்வளவு என்று நாம் கத்திக்கொண்டிருப்போம். அந்த வரியைக் கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கியவர் அந்தக் கம்பெனியில் முதலாளி ஒருவர்தான். அவர் ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "என் வரியைப் பத்தி எனக்கே இவ்ளோ கவலை இல்லம்மா" என்று சொல்லிப் போனார்.

அவ்வளவு சண்டைக்குப் பிறகும் மாலையில் சங்கு ஊதியதும் உன் சைக்கிளில்தான் ஏறுவேன், காலையில் வேலைக்கு வருவதும் அதில்தான். உன் நைனா இறந்தபின் உனக்கு வந்த, நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள். அந்தக் கம்பியின் மேல் புடவையோடு காலைத் தூக்கிப் போட்டு நீ ஏறும்போது டீக்கடையே திரும்பிப் பார்க்கும். நீ யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகுதான் அந்த வில்லை வந்தது.

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊராட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. ஊர்ப் பெயர்களை எழுதவில்லை. இரண்டிலும் இன்று எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி உண்டு. கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள், ஹாண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். உன்னிடம் உன் ஊர் வில்லை இருந்தது. திடீரென்று ஒரு திங்கட்கிழமை, கேட்டின் இந்தப் பக்கத்து ஊராட்சி, எங்கள் ரோட்டில் மிதிக்கிறவர்கள் எங்கள் வில்லையும் வாங்க வேண்டும் என்று ஆள் நிறுத்தியது. ஆவடிப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வருகிற அத்தனை பேரும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

"இன்னாம்மா, நம்ம ஊரு வில்லை எங்க?" என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

"இது இன்னா? தகரம் இல்லியா?" என்று உன் வில்லையைக் காட்டினாய்.

"அது அந்தாண்ட செல்லும். இந்தாண்ட வேற."

"ஒரே சைக்கிள், ஒரே நான். கேட்டைத் தாண்டினா ரெண்டாப் பூடுவேனா?"

அவர் சைக்கிளைப் பிடுங்கி, பறித்த மற்ற சைக்கிள்களோடு சாத்தி வைத்தார். நாம் ஓடினோம். கம்பெனிக் கதவு சாத்தியிருந்தது, அரைநாள் போயிற்று. அந்த வாரம் முழுக்க எஸ்டேட்டில் இதே கதை. ஊராட்சி அலுவலக முற்றத்தில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மீட்காவிட்டால் ஏலம் என்று தமுக்கு அடித்தார்கள். அதைக் கேட்டபோதுதான் உன் முகம் மாறியதை முதன்முதலாகப் பார்த்தேன். "நைனாவோட வண்டிடீ அது" என்றாய்.

அப்போதாவது ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. உங்கள் சங்கம் ஒரு கூட்டம் போட்டது, எங்கள் அப்பா கட்சியின் சங்கம் அதே நாளில் எதிர்த் தெருவில் இன்னொன்று போட்டது. அங்கே முதலாளித்துவ நாடுகளைத் திட்டினார்கள், இங்கே ரஷ்யாவைத் திட்டினார்கள். கேட்டில் நின்ற காக்கிச் சட்டையை யாரும் திட்டவில்லை. நாமும் பெஞ்சில் அதையேதான் செய்தோம். "இப்படி எதுக்கெடுத்தாலும் லைசென்ஸ், வரின்னு பிடுங்கறதுதான் உன் ரஷ்யா" என்றேன் நான். "முதலாளி காருக்கு ஆள் நிக்கல, தொழிலாளி சைக்கிளுக்கு நிக்கிறான், இதாண்டி உன் ஜப்பான்" என்றாய் நீ. டீ ஆறிப்போயிற்று.

கடைசியில், தொழிலாளர்கள் தரப்பில் இரண்டு பேர் ஊராட்சிக் கூட்டத்தில் பேசலாம், கட்சிக்கு ஒருவர் என்று ஊராட்சித் தலைவர் அனுமதி கொடுத்தார். எந்தச் சங்கத் தலைவர் முதலில் பேசுவது என்பதில் சங்கங்களுக்குள் அடிதடி ஆகும்போல இருந்தது. சலித்துப்போய் யாரோ, "ரஷ்யாவையும் ஜப்பானையுமே அனுப்புங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தாய். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாய். என் அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சபையில யாரு யாரு கீறாங்கன்னு யோசிச்சியா?" என்றாய். "உங்க கட்சி அரிசி மில்லுக்காரரு. ரோட்டுல போறவன் ரோட்டுக்குக் கட்டணும்னு வரிக்கு ஓட்டுப் போட்டாரு. எங்க கட்சித் தோழரும் ஓட்டுப் போட்டுகினாரு, பொதுச் செலவுக்குத் துட்டு வேணும்னு. நான் போய் ரஷ்யான்னு ஆரம்பிச்சா மில்லுக்காரரு காதைப் பொத்திக்குவாரு. நீ ஜப்பான்னு வாயைத் தொறந்தா எங்க தோழரு எழுந்து பூடுவாரு."

"அதுக்கு?"

"மாத்திக்கலாம். நான் ஜப்பானைப் பேசுறேன். நீ ரஷ்யாவைப் பேசு."

எனக்குக் கோபம் வந்தது. உன்னால் என் பக்கத்தைப் பேச முடியாது என்றேன். நீ எழுந்து நின்று பேசிக் காட்டினாய். வேலைக்கு நேரத்தில் வந்து சேருகிற ஆளின் உழைப்புதான் ஒரு தேசத்தின் முதல், அவன் சம்பாதிப்பதற்கு முன்னால் அவன் சக்கரத்தில் கை வைக்கிற நாடு எழுந்திருக்காது என்றாய். நான் ஒரு வருஷமாகக் கத்தியதில் இருந்த நல்ல நெல்லையெல்லாம் பொறுக்கி, பதரைத் தள்ளி வைத்திருந்தாய். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "இந்தப் பொண்ணு சொல்றது சரிதான்" என்றார்.

அப்புறம் என் முறை. நான் ரஷ்யாவைப் பேசத் தொடங்கியதும் அப்பா பேப்பரையே கீழே போட்டார். "என் ஊட்ல இன்னாமா நடக்குது?" என்றார். நீ விடவில்லை. "இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு. வாடகையோட நிக்காதே. ஏன்னு சொல்லு" என்று விரட்டினாய். அன்று மாலைக்குள், வாங்கிய வரி தெருவில் திரும்பி வந்து நிற்க வேண்டும் என்ற உன் ஆசை என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. அதுவரை அதை ஒரு கோஷமாக மட்டுமே கேட்டிருக்கிறேன்.

சபை கூடிய நாளில் முற்றம் நிறைய ஆட்கள். ஒரு பக்கம் சைக்கிள் குவியல், அடியில் உன் நைனாவின் வண்டி. தலைவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் ரஷ்யா, ஜப்பான் என்று அடித்துக்கொள்வார்கள், பொழுது போய்விடும், தீர்மானம் அப்படியே நிற்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நீ எழுந்து மில்லுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாய்.

"ஐயா, நீங்க மெச்சுற ஜப்பானைப் பத்திப் பேச வந்தேன்."

உங்கள் தோழர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மில்லுக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். நீ அப்பாவின் ஜப்பானை, என் ஜப்பானை, எங்களைவிட அழகாகச் சொன்னாய். "நேரத்துக்கு ஆள் வந்தாத்தான் ஆலை ஓடும். ஆலை ஓடினாத்தான் கூலி வரும். கூலி வந்தாத்தான் உங்க மில்லு அரிசி விக்கும். இந்த முத்தத்துல குவிஞ்சு கிடக்கிறது சைக்கிள் இல்லீங்க ஐயா, உங்க வியாபாரம்" என்றாய். மில்லுக்காரர் தலையை ஆட்டினார். மறுத்தால் தன் மேடைப் பேச்சையே மறுக்க வேண்டும்.

அடுத்து என் முறை. உங்கள் தோழரைப் பார்த்து நின்றேன்.

"தோழரே, நான் உங்க கட்சி இல்ல. ஆனா உங்க ரஷ்யாவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். அங்க வரி வாங்கினா அது விளக்கா, ஆஸ்பத்திரியா திரும்ப வரும்னு சொல்வீங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விளக்கு காட்டுங்க, கட்டறோம். தொழிலாளியோட கருவியைப் பிடுங்கி ஏலம் விடற ஊரை எந்த ரஷ்யாவுல பார்த்தீங்க?"

முற்றத்தில் கைதட்டல் எழுந்தது. இரண்டு சங்கத்து ஆட்களும் தட்டினார்கள், யாருக்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே. உங்கள் தோழர் தலையைக் குனிந்து சிரித்துவிட்டார். "வசமா மாட்டிக்கினேன்மா" என்றார்.

அப்போதுதான் நீ மறுபடி எழுந்தாய். இது நாம் ஒத்திகை பார்க்காதது.

"தலைவரே, ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர் மேல ஒருத்தர் குண்டு போட்டுகின நாடுங்களே, ஒரே வருமானத்துக்கு ரெண்டு பேரும் வரி போடக்கூடாதுன்னு ஒப்பந்தம் எழுதிக்கிறாங்க. நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு ரயில்வே கேட்டுதான் கீது. ஒரு வில்லை ரெண்டு பக்கமும் செல்லும்னு எழுத முடியாதா?"

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மில்லுக்காரர் கை தூக்கினார். உங்கள் தோழரும் தூக்கினார். அந்தச் சபையில் வரி போட ஒன்றாக உயர்ந்த அந்த இருவர் கையும் ஏழைக்காக ஒன்றாக உயர்ந்தது அன்றுதான் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து ஊரோடு பேசி ஒரே வில்லை என்று முடிவாயிற்று. ஏலம் ரத்து. வாங்கும் வரியில் கேட்டருகே விளக்குப் போடுவது என்றும் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை உனக்கு நினைவிருக்கும். சைக்கிள்களை மீட்டவர்கள் எல்லோரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்து நின்றார்கள். யாரும் சொல்லி வைக்கவில்லை. ரயில் போய்க் கேட்டு திறந்ததும் அத்தனை பேரும் மணியை அடித்துக்கொண்டே ஒன்றாகத் தாண்டினோம். செங்கொடி கட்டிய வண்டியும் எங்கள் கொடி கட்டிய வண்டியும் ஹாண்டில் உரசிக்கொண்டு போயின. காக்கிச் சட்டைக்காரர் ஓரமாக ஒதுங்கி நின்று, "போ தாயி, போ" என்று உனக்கு வழிவிட்டார். இரண்டு பேர் ஏறக்கூடாது என்பதால் கேட்டருகே எப்போதும் இறங்கி நடக்கிற நான், அன்று இறங்கவில்லை. கேரியரில் ராணி போல உட்கார்ந்து போனேன். அப்படி ஒரு காலைப் பொழுதை அதன்பின் என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

கம்பெனியில் பெயர்களும் இடம் மாறிவிட்டன. "ஜப்பானுக்கு ஒரு டீ" என்று ஆயா உன் முன்னால் வைத்தபோது நீ முறைத்த முறைப்பு இருக்கிறதே!

எழுபதுகளில் நீ சங்கத்துக்குச் செயலாளர் ஆனாய். அந்த எஸ்டேட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நீதான். நான் என் கட்சியிலேயே இருந்தேன். தேர்தலுக்குத் தேர்தல் எதிரெதிராக ஓட்டுக் கேட்டோம், சாயங்காலம் ஒன்றாகக் காபி குடித்தோம். நீ என்னை மாற்றவில்லை, நானும் உன்னை மாற்றவில்லை.

உன் நினைவுக் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மண்டபம் முழுக்கச் சிவப்பு. நீ எதை நம்பினாய், ஏன் நம்பினாய், ஒரு ஏழையிடம் வாங்கிய காசு எங்கே போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய் என்பதை உன் வார்த்தையிலேயே சொன்னேன். இறங்கி வரும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்தக் கிளையிலம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். எதிர்க்கட்சி என்றேன். அவர் நம்பவில்லை.

யாரோடு மோதப் போனாலும் முதலில் அவர் பக்கத்தை எனக்குள்ளே ஒருமுறை பேசிப் பார்க்கிறேன். மகனோடு, மருமகளோடு, குடியிருப்புச் சங்கத்தில், எங்கும். அரைகுறையாகப் பேசி முடிக்கப் பார்த்தால் உன் குரல் விடுவதில்லை. இன்னும் சொல்லு, ஏன்னு சொல்லு என்கிறது. சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் சண்டைக்குக் கிளம்புகிறேன். பெரும்பாலும் ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.