என் பெயரைச் சொல்லி

டொராண்டோ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு அடுத்த வாரம் தேர்வு. இனி எழுதப்போவது கோபத்தில் எழுதுவது. கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

நம் யூத மாணவர் இல்லத்தில் அடுத்த பருவம் முதல் யூதர்கள் மட்டுமே தங்கலாம் என்ற நிர்வாகக் குழுவின் முடிவை, வியாழனன்று சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளர் யோயெல் வாசித்தார். எல்லா மதத்தாருக்கும் இடமுண்டு என்று சொல்லித்தானே இத்தனை காலம் நடத்தினீர்கள்? அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

என் பக்கத்து அறை ஹம்தி சோமாலிய முஸ்லிம் பெண். நர்சிங் படிக்கிறாள். பன்றி இறைச்சி நுழையாத சமையலறை என்றுதான் இங்கே சேர்ந்தாள். சாதுவெல்லாம் இல்லை. பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்ற நம் விதியை மறந்து, தூக்கக் கலக்கத்தில் நான் பால் கரண்டியை இறைச்சிப் பாத்திரத்தில் விடப்போனபோது, "ஏய், அது பால் கரண்டி. உன் சாமிகிட்ட நானா வந்து பதில் சொல்லுவேன்?" என்று கையில் அடித்தவள்.

வாசல் கதவில் யாரோ யூதர்களைத் திட்டி அசிங்கமாக எழுதினார்கள் என்று உங்கள் குழு பயந்ததே, அவர்களைக் கத்தி விரட்டியதே அவள்தான். அவர்கள் எறிந்த பெயிண்ட் டப்பா தோளில் பட்டு, இன்னும் கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. அவளைத்தான் போகச் சொல்கிறீர்கள். வெள்ளி காலை போனில் கேட்டால், "அவளைப் பத்தி இல்லம்மா, பொதுவா எடுத்த முடிவு. உன் பாதுகாப்புக்குத்தான்" என்கிறீர்கள். என் பெயரைச் சொல்லி இதைச் செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

யோயெல் வாசித்து முடித்தார். உடனே ஹம்தி, "அப்போ இன்னைக்குப் பாத்திரம் கழுவுற முறை எனக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

நாங்கள் எல்லோருமே காலி செய்கிறோம் என்று நான் எழுந்து சொன்னேன். அதற்கும் அவள்தான் சீறினாள். "என் பேரைச் சொல்லி யாரும் தியாகம் பண்ண வேணாம் திர்ட்சா. எனக்கு வேண்டியது என் ரூம்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது யாரும் போவதாக இல்லை, அவளும்தான். அவள் சாவியைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று யோயெலும் குழுவிடம் சொல்லிவிட்டார். ஞாயிறன்று மறுபடி கூடுகிறீர்களாமே.

போன வெள்ளி மாலை, ஓய்வுநாள் தொடங்கும் முன், வழக்கம்போல என்னை ஆசீர்வதிக்கப் போனில் கூப்பிட்டீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளி போன் வேண்டாம். பொழுது சாயும் முன் வந்துவிடுங்கள். சனி மாலை ஓய்வுநாள் முடியும்வரை இங்கேயே தங்குங்கள். என் தலையில் கை வைத்தே ஆசீர்வதியுங்கள். மேசையில் எனக்கு இடப்பக்கம் ஹம்தி உட்கார்ந்திருப்பாள். ஞாயிறன்று அந்தக் கையைத் தூக்குவதற்கு முன், அவளோடு ஒரு வேளை சாப்பிடுங்கள் அப்பா.

கோபம் தீராத உங்கள் மகள்,
திர்ட்சா