பசியாறிட்டு என்றால் எப்போது?

என் பிரியமான மேரி அக்கா,

செவ்வாய்க்கிழமை வகுப்பில் உங்க குரலைப் போட்டேன். "அண்ணன் பசியாறிட்டு பிறை ஊருக்கு வேலைக்குக் கிளம்பினார்." கேட்டல் சோதனைக்கு நீங்க வாசித்துத் தந்த அதே பதிவுதான். அன்னைக்கு உங்களுக்குச் சளி, அதுகூட அதில் கேட்குது. நீங்க போய் எட்டு மாசமாச்சு. மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தாங்க, என்னால் தலை நிமிர முடியலை.

மெய் லிங்கை நினைவிருக்கா? முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே, நம்ம கெலுகோர் மாலை வகுப்பில் தமிழ் படித்த சீனப் பொண்ணு. தேர்ச்சி பெற்றால் வேலையை நிரந்தரமாக்குவதாக அங்கே சொல்லியிருந்தாங்க. "அண்ணன் எப்போது கிளம்பினார்?" என்ற கேள்விக்கு அவள் "காலையில்" என்று எழுதினாள். என் விடைக் குறிப்பில் "சாப்பிட்ட பிறகு" என்று இருந்தது. பதிவில் காலை என்ற சொல்லே இல்லையே என்று சிவப்பு மையால் அடித்தேன். அந்த ஒரு புள்ளியில்தான் அவள் தோற்றாள்.

நீங்க மட்டும்தான் கேட்டீங்க. "ஏன் தேவி, ராத்திரியில யாரு லா பசியாறுவா?"

மற்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டாங்க. எனக்கு வந்ததே கோபம். வாசிக்க வந்தவங்க வாசிச்சா போதும், திருத்த நான் இருக்கேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீங்க பையை எடுத்துக்கொண்டு போனீங்க. ரெண்டே வாரத்தில் மாரடைப்பு. மன்னிப்புக் கேட்க அந்த ரெண்டு வாரம் எனக்குப் போதலையா அக்கா? இந்தப் பினாங்கிலேயே பிறந்து, காலைச் சாப்பாட்டைப் பசியாறுறது என்று சொல்லியே வளர்ந்தவள் நான். எந்தக் காதால் கேட்டேனோ, வெட்கமாயிருக்கு.

நேற்று மத்தியானம் மெய் லிங்கைத் தேடிப் போனேன். இன்னும் தற்காலிக வேலைதான். திருத்திய புள்ளியோடு சான்றிதழைக் கையில் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றுதான் கேட்டாள்.

"பசியாறிட்டீங்களான்னு கேக்க மாட்டியா?" என்றேன்.

"மணி ஒண்ணாச்சே, டீச்சர்."

அக்கா, அந்தப் பதிவை மாற்ற மாட்டேன். விடைக் குறிப்பைத்தான் மாற்றிவிட்டேன். இனி என் திருத்தம் தப்பு என்று யார் வந்து சொன்னாலும், அவங்க சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்க சொன்னதைக் காதில் வாங்காத உங்கள் தங்கச்சி,
தேவி