நீ கேட்டு வைத்த இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடலில் மூழ்கி வந்தால் உனக்கு வருமே காதுவலி, இப்போது தேவலையா? ஒகினாவாவில் நான் நலம்.

ஒரு வேடிக்கை கேள். "நம்ம ஜேஜு தீவுத் தண்ணி குளிருடி, டைவிங் வழிகாட்டிப் பயிற்சிக்கு ஒகினாவாதான் சரி, சேர்ந்தே போவோம்" என்று என்னைக் கிளப்பிவிட்ட பக்கத்து வீட்டு யூரிம் வரவே இல்லை. நம் ஊர் செகுவிப்போ டைவிங் பயிற்சிக் கடையில் நீ எனக்காகக் கேட்டு வைத்திருந்த ஒரே இடத்தில் அவள் சேர்ந்துவிட்டாளாம்.

இங்கே குதிக்கும் முன், கூட மூழ்கும் ஜோடிதான் நம் காற்று டேங்க் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தினம் ஒரு புது ஆள். நேற்று வந்தவர் மூடிக் கிடந்த வால்வைப் பார்க்காமலே தலையாட்டினார். படகிலேயே கண்டுபிடித்துவிட்டேன், பயப்படாதே.

கொஞ்சம் கிம்ச்சி அனுப்பு. என் பழைய டைவிங் உடுப்பைக் கேட்டு யூரிம் வந்தால் கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் என்னிடம் சொல்லாதே.

படகுக்குக் கூப்பிடுகிறார்கள்,
ஹேவோன்