கட்டி போடும் சைடு போர்

4 ஜனவரி 2025, சிங்காநல்லூர்

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. பின்னால் இதைப் படிக்கப்போகிற ராமுலுவாகிய நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் வகுப்பில் போன வருடம்தான் பேனா பிடித்தேன். 'ஞ' போடுவதற்குள் கை வேர்த்துவிடுகிறது. ஆனாலும் இன்று எழுதாமல் முடியாது.

பேத்தி ஷ்ரவ்யா தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் செல்களைக் காட்டினாள். உயிரோடு!

"கட்டிக்குத் தீனி ரத்தந்தாங்க தாத்தா. பத்தலைன்னா சைகை அனுப்பும். பக்கத்து ரத்தக்குழாய் கிளை விட்டு அதைத் தேடி வரும்."

கிணற்றுக்குள் இறங்கி சைடு போர் போட்டுப் பிழைத்தவன் நான். ஊற்றைத் தேடிப் பாறைக்குள் படுக்கைவாட்டில் துளை விடுவோம். மிளகளவு கட்டிக்கு இந்த வித்தையை யார் சொல்லித் தந்தது?

இன்னொரு தட்டில் பிளாஸ்டிக் புகையின் கசடு விட்டிருந்தாள். செல் அதை உடைக்கும்போது வேறொரு பொருள் பிறக்கிறதாம். அது சேர்ந்தால் சைகை கூடுகிறதாம். "தட்டுல பாத்ததுங்க. மனுசருக்கும் இப்படியேன்னு சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரி ரங்கநாயகியின் நுரையீரல் கட்டிக்கு அடுத்த வாரம் போடப்போகிற ஊசி, இந்தச் சைகையை அடக்கத்தானாம்.

12 ஜனவரி

என் குளியலுக்கு வெந்நீர் அடுப்பில் ரங்கநாயகி எரிப்பது என்ன? பாலிதீன் கவர், கிழிந்த நைலக்ஸ் சேலை. வேண்டாம் அம்மணி என்றேன்.

"கேஸ்ல காய்ச்சுனா சூடு ஒடம்புல ஒட்டாதுன்னு சொன்னது ஆருங்க?"

நான்தான்.

13 ஜனவரி

பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஐயோ.

14 ஜனவரி

பொங்கல். மறுபடி பச்சைத் தண்ணீர். என் அலறலில் ரங்கநாயகிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலானது.

"ஏனுங்க, ஊரே எட்டிப் பாக்குது! கேஸ்லயே காய்ச்சித் தாரேன். வெந்நீர் அடுப்புத் தீப்பெட்டியை எடுத்து ஒளிச்சு வெச்சுப்போட்டேன், இனி அதைப் பத்த வெக்கலீங்க."

3 பிப்ரவரி

இரண்டாவது ஊசி. ஒரு வாய் கஞ்சிகூட இறங்கலை அவளுக்கு. பயமாக் கெடக்குது — எழுத வரலை.

24 மார்ச்

ஸ்கேன் பார்த்தோம். கட்டி வளரவில்லை, கொஞ்சம் சுருங்கியும் இருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் ஊசிகள் இருக்கின்றன.

"சைடு போர் வத்துதா கண்ணு? புகை நின்னதாலயா?" என்று ஷ்ரவ்யாவைக் கேட்டேன்.

"ஊசி வேலை செய்யுதுங்க தாத்தா. புகையைப் பத்தி என்னால சொல்ல முடியாது. இல்லாதது நல்லதுதானுங்க."

கண்ணுக்குத் தெரியாத சைகையை ஒரு சொட்டு மருந்து அடக்குகிறது. நினைக்க நினைக்க மயிர் கூச்செறிகிறது.

ரங்கநாயகி இரண்டு இட்லி தின்றாள். கேஸ் வெந்நீர் நன்றாகத்தான் ஒட்டுகிறது, அவளிடம் சொல்லவில்லை.

வெந்நீர் அடுப்புக்குள் பக்கத்து வீட்டுக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. விரட்டப் போனேன். "இருக்கட்டும் விடுங்க" என்றாள்.

குஞ்சு பொரித்ததா என்று அடுத்த வாரம் எழுத வேண்டும்.