நாற்பது ஊசி, ஐம்பத்திரண்டு புத்தகம்

டிசம்பர் 14

இன்று மூன்று கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு, ஒரு கோட்டுக்குப் புது ஜிப். முடித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். பேத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்க்க வாரத்துக்கு மூன்று தடவை போகிறேன். "இந்தப் பக்கமா ஒரு வேலை, அப்படியே வந்தேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

சுவரில் பெரிய அட்டை ஒட்டியிருக்கிறாள். வரும் வருஷத்தில் எத்தனை புத்தகம் படிக்கப்போகிறோம் என்று அவரவர் பெயருக்கு நேரே எழுத வேண்டும். முடிக்க முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொள்ளலாம். மருந்துக்கடைக்காரர் பத்து. பஸ் கண்டக்டர் பதினைந்து. சம்பந்தியம்மா, அதாவது என் மருமகளின் அம்மா, முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்துநாலு என்று முத்து முத்தாக எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நான் நிற்கிறேன்.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க சம்பந்தி" என்றேன்.

ஐம்பத்திரண்டு போட்டேன். வாரத்துக்கு ஒன்று.

பேத்தி எட்டிப் பார்த்தாள். "பாட்டி, அம்பத்திரண்டா?"

"ஏன், நம்பர் சரியாத் தெரியலையா?"

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "போடட்டும்மா. போடறதுக்கு என்ன."

டிசம்பர் 15

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆயுசு பூராவும் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், பேச்சையும் மேலே கீழே ஏற்றி இறக்கித்தான் பேசுவார். "மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு ஒரு சீட்டு வருதே, அதையும் சேர்த்துக்கோ. பொடி எழுத்து. ரெண்டாவே எண்ணிக்கலாம்."

அவர் கடைசியாகப் படித்தது எங்கள் கல்யாணப் பத்திரிகை. அதையும் என் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டாராம். அதுக்கப்புறம் படிக்க என்ன இருக்கு என்கிறார்.

நான் படித்தது ஐந்தாவது. ஆறாவதுக்குப் பள்ளிக்கூடம் தூரம், அத்தை வீட்டுத் தையல் மெஷின் பக்கம். அவ்வளவுதான் விஷயம். அளவு நோட்டில் இத்தனை வருஷம் எழுதியதை அடுக்கினால் அதுவே ஒரு அலமாரி. இதையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் எழுதுகிறேன்.

ஜனவரி 2

முதல் புத்தகம். தேனீக்களைப் பற்றி. நாற்பத்தெட்டுப் பக்கம், அதில் பாதி படம். கோட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு பொட்டு.

மார்ச் 9

பதினொரு பொட்டு. தேனீ, பாம்பு, பல், நிலா, எரிமலை, இரண்டு விடுகதை, நாலு சிறுவர் கதை. ஊர் உலகத்தில் எனக்குத் தெரியாதது இனி கொஞ்சம்தான்.

ஜூன் 20

எனக்கு இருபத்தேழு. சம்பந்தியம்மாவுக்குப் பத்து. அட்டைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன்.

"உங்க இருபத்தேழையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா, என்னோட ஒரு புத்தகம் உசரம் வருமா சம்பந்தி?" என்று கேட்டார். நல்ல மனுஷிதான். கேட்கும்போதுகூட என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

நேராக உள்ளே போய் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கப்பல் கட்டும் ஒரு குடும்பத்தின் கதை. பேத்தி முத்திரை குத்தும்போது புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

ஜூன் 23

நாலு வரி படிப்பதற்குள் யாராவது பட்டன் கொண்டுவருகிறார்கள். திரும்பி வந்தால் எந்த வரி என்று தெரிவதில்லை. நேற்று ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன். பாட்டன் மூன்று தடவை செத்தார்.

இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். தைத்து முடித்த பகுதிக்குக் கை மறுபடி போகாமல் இருக்க மடித்து ஊசி குத்துவோம் இல்லையா, அதே மாதிரி. அன்றன்றைக்குப் படித்த பக்கங்களைச் சேர்த்து ஓரத்தில் ஒரு குண்டூசி. பட்டுத்துணிக்கு வைக்கும் மெல்லிய ஊசிதான். ஒரு நாளுக்கு ஒரு கட்டு. சின்னப் புத்தகங்களுக்கு இது தேவைப்படவில்லை, ஒரு மத்தியானத்தில் தீர்ந்துவிடும்.

ஜூலை 8

இருநூற்றுப் பதினாலாம் பக்கம். இந்தக் குடும்பத்தில் தாத்தா பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கிறார்கள். யார் கடலில் விழுந்தது, யார் கரையில் நின்று அழுதது என்று பிடிபடவில்லை. பெரியவன் தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். போகட்டும். நானும் ஒரு பாவாடைக்கு நாடா கோக்கக் கிளம்பினேன்.

ஜூலை 10

தொடவில்லை.

ஜூலை 11

என்ன வாய் இது.

இன்று திருப்ப வேண்டிய நாள். இன்னும் இரண்டு வாரம் கேட்டு வாங்கலாம் என்றுதான் போனேன். உள்ளே நுழையும்போதே பேத்தி எழுந்து நின்றாள். அவள் முன்னால் ஓர் அதிகாரி, நூலகத்தைப் பார்வையிட வந்தவர். "இவங்கதான் சார் எங்க பாட்டி. அஞ்சாவதுதான் படிச்சாங்க. எழுநூத்துப் பன்னெண்டு பக்கப் புத்தகம் எடுத்துட்டுப் போனாங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "முடிச்சாச்சா பாட்டி?"

முடிச்சாச்சுன்னுட்டேன். நான் சொல்லல, வாய்தான் சொல்லிச்சு. அவர் கைதட்டினார். அவ பொட்டை எடுத்து என் விரல்ல வெச்சா. நானும் ஒட்டினேன். இருபத்தெட்டு. வேற என்ன பண்ணுவேன், கையைப் பின்னால கட்டிக்கிட்டா நிக்க முடியும்?

பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா, "அப்ப அதை நான் எடுத்துக்கறேன்" என்று புத்தகத்தைக் கையோடு வாங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது வழக்கம்போல ஊசியை எண்ணினேன். ஒரு ஊசி துணியில் தங்கினாலும் வாடிக்கையாளர் உடம்பில் குத்தும், அதனால் டப்பாவில் நாற்பது இருக்கிறதா என்று பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

இருபத்தொன்பது.

தினமும் புத்தகத்தோடு சேர்த்து எண்ணிவந்த மற்ற பதினொன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. புத்தகம் சம்பந்தியம்மா வீட்டில் இருக்கிறது. கடைசி ஊசி இருநூற்றுப் பதினாலில் இருக்கிறது.

ஜூலை 12

சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வரவில்லை.

ஜூலை 14

போன் வந்தது. தன் கோட்டுப் பொத்தானைப் பற்றிப் பேசினார். பொத்தானைப் பற்றி மட்டும் பேசினார். எனக்கு வேர்த்துவிட்டது.

ஜூலை 19

சம்பந்தியம்மா கடைக்கே வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து மெஷின்மேல் வைத்தார். அதில் குத்தி வைத்த பதினொரு ஊசி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாற்போல.

"எண்ணிப் பாருங்க."

"சரியாத்தான் இருக்கும்."

"கடைசி ஊசி இருநூத்துப் பதினாலுல இருந்திச்சு. ஒருவேளை உங்ககிட்ட ஊசி தீர்ந்துபோச்சோன்னு நினைச்சேன்."

பொய் சொல்ல நல்ல இடம்தான். அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார். "தீரல" என்றேன்.

நான் எண்ணெய்த் துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"பேத்திகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவ எனக்கும் பேத்திதானே சம்பந்தி. அவ மூஞ்சி சுருங்கறதைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையா?" எழுந்துகொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பெரியவன் ஒரு கடிதாசியைப் பிரிக்காம பையில போட்டுக்கிட்டுப் போறானே. நீங்க நிறுத்தினதுக்கு அடுத்த பக்கத்துலதான் அதைப் பிரிக்கிறான்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"முடிச்சவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டார். எட்டு நாளில் எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். டீச்சர் டீச்சர்தான்.

ஜூலை 20

நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். நாலு பேர் முன்னால் ஒட்டியதை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். தையல் பிரிக்கும் கத்தியைக் கொண்டுபோயிருந்தேன். அட்டை கிழியாமல் பொட்டு வந்துவிட்டது. பிரிப்பது எனக்கு என்ன புதிதா.

"பாட்டி, என்ன பண்றீங்க?"

"கப்பல் புத்தகம் நான் முடிக்கல. இருநூத்துப் பதினாலோட நின்னுட்டேன். முடிச்சேன்னு சொன்னது பொய்."

அவள் முகம் விழுந்தது. எழுதவே பிடிக்கவில்லை. "அந்த சார் அறிக்கையில எழுதிட்டாரு பாட்டி" என்றாள் மெதுவாக.

"திருத்தச் சொல்லு. போனை எங்கிட்ட குடு, நானே சொல்றேன்."

அவளே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு, சம்பந்தியம்மா திருப்பிவிட்டுப் போயிருந்த கப்பல் புத்தகத்தை எடுத்து ஒரு கட்டுப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை. அவள் முகத்தில் பேத்தி போய், நூலக அதிகாரியம்மா வந்துவிட்டார். "புத்தகத்தைச் சேதப்படுத்தினா புதுசு வாங்கித் தரணும். இங்க அதுதான் விதி. ஓட்டை போட்டது உங்களுக்கு."

"எனக்கே எனக்கா?"

"உங்களுக்கே உங்களுக்கு. சிரிக்காதீங்க பாட்டி, நான் கோவமா இருக்கேன்."

என் ஆயுசில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு தடித்த புத்தகம். அதைக் கோவத்தோடு கொடுத்தால் என்ன, சிரித்துக்கொண்டு கொடுத்தால் என்ன.

ஜூலை 27

மருந்துக்கடைக்காரர் நேற்று நூலகத்துக்கு வந்து, இருமிக்கொண்டே தன் பொட்டில் இரண்டை உரித்துவிட்டுப் போனாராம். இன்று காலை கண்டக்டர் நாலு. பிறகு ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். நான் போனபோது சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார், நகத்தால் ஒன்றைச் சுரண்டியபடி.

"நீங்களுமா?" என்றேன்.

"ஏப்ரல்ல ஒண்ணு. கடைசி முப்பது பக்கம் படிக்கல. எப்படி முடியும்னுதான் தெரியுமேன்னு விட்டுட்டேன்." அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு கையை நீட்டினார். "அந்தக் கத்தியைக் கொஞ்சம் குடுங்க சம்பந்தி."

கொடுத்தேன்.

பேத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "மொத்தம் பத்தொம்பது பொட்டு போச்சு பாட்டி. எல்லாம் நீங்க ஆரம்பிச்சு வெச்சது." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அப்பாடா.

ஆகஸ்ட் 2

பிரித்துவிட்டான். என்ன எழுதியிருந்தது என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

அக்டோபர் 5

ஐந்நூற்று மூன்று. தாத்தா வரும் பக்கத்துக்கு நீல நூல், பேரன் வரும் பக்கத்துக்கு வெள்ளை நூல் வைத்துவிட்டேன், இனிமேல் குழப்பம் இல்லை. இடையிடையே சின்னப் புத்தகங்களும் போகின்றன. ஐம்பத்திரண்டு வராது. தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நிம்மதியாகப் படிக்கிறேன்.

நவம்பர் 16

சாப்பிடும்போது வீட்டுக்காரர் தானாகக் கேட்டார். "அந்தக் கப்பலைத் தண்ணியில இறக்கிட்டாங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். அதுவும் ஒரு எந்திரம்தானே."

"முடிச்சவங்களுக்குத் தெரியும்" என்றேன். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 22

எழுநூற்றுப் பன்னிரண்டு.

மூடிவிட்டு மெஷினில் நூல்கூடக் கோக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். சம்பந்தியம்மாவுக்குப் போன் பண்ணி, "சின்னவ அந்தப் படகுல ஏறியிருக்கக் கூடாது" என்றேன். "நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார். அரைமணி நேரம் இரண்டு பேரும் அவளைத் திட்டித் தீர்த்தோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் பிள்ளைகளைப் பற்றி இல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 28

புது அட்டை வந்துவிட்டது. பழையதில் எனக்கு முப்பத்தாறு, சம்பந்தியம்மாவுக்கு இருபத்தொன்று. அவர் முதலில் எழுதினார், பதினெட்டு. எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என் பக்கம் நீட்டினார். நான் முப்பது போட்டேன். அதில் நாலு, தலைக்கு வைத்துப் படுக்கிற கனம் உள்ளது.

டிசம்பர் 31

வருஷக் கடைசி. சாயங்காலம் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். மெஷினுக்கு அடியில், கோட்டு மடிப்பில், என் முந்தானையில், எங்கும் இல்லை.

வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவருடைய நாற்காலியில், செய்தித்தாளுக்கு அடியில் கப்பல் புத்தகம் இருந்தது. முதல் இருபத்தாறு பக்கம் சேர்த்து ஓர் ஊசி. குத்தியிருந்த விதம் தப்பு, முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கும்போது விரலைக் குத்தியிருக்கும்.

எடுத்து, முனை உள்ளே போகும்படி திருப்பிக் குத்தினேன். செய்தித்தாளை இருந்தபடியே மேலே போட்டுவிட்டு வந்தேன்.