உன் கல்வெட்டில் அவனுடைய முகம்

உன் கல்வெட்டு நேற்று முன்தினம் தபாலில் வந்தது. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு நம்மவர்கள் அச்சடித்துக் கொடுப்பார்களே, அதே புத்தகம்தான். வழவழப்பான தாள், மூக்கில் ஏறும் மை வாசம், அட்டையில் நீ சிரிக்கிறாய். நோர்வேயில், என் எல்லிங்ஸ்ருட் வீட்டில், குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, அழுவதற்குத் தயாராகித்தான் முதல் பக்கத்தைப் புரட்டினேன். அழுகை வரவில்லையடி. அருவருப்புத்தான் வந்தது.

முதல் பக்கத்தில் நீ இல்லை. அவன் இருந்தான். கழுத்துப்பட்டி, பளீரென்ற பல்வரிசை, முதுகுக்குப் பின்னால் கொடி. நீ குடிபோன அமெரிக்க மாநிலத்துக்கென்று இருக்கிற ஒரேயொரு காங்கிரஸ் உறுப்பினன். கீழே தமிழில்: “எமது பணிகளுக்கு நீண்டகாலம் தோள்கொடுத்த ஆதரவாளரின் பிரிவால் ஆழ்ந்த துயரடைகிறேன்.”

ஆதரவாளர்! நீ! போன கார்த்திகைத் தேர்தலில் அவனை எதிர்த்து நின்று தோற்றவள் நீ!

அமெரிக்காவில் அப்படியும் ஒரு மாநிலம் உண்டு என்று உன்னால்தான் எனக்குத் தெரியும். சனம் குறைவு, முழு மாநிலத்துக்கும் ஒரே ஆசனம், எப்போதும் ஒரே கட்சி. மற்றக் கட்சிக்காரர் ஆள் தேடுவதையே விட்டுவிட்டார்கள். எந்தக் கட்சி என்பதில் உனக்கே பெரிய அக்கறை இருக்கவில்லை. “மற்றக் கட்சி எப்பவும் வெல்லுற இடமெண்டா நான் இவன்ரை பக்கம் நிண்டிருப்பன்” என்று சிரித்தாய்.

அந்தக் கோடையில் தொலைபேசியில் உன் குரல் கொதித்தது. “இந்த முறை வாக்குச்சீட்டிலை அவன்ரை பேர் மட்டும்தானாம். இதுக்குப் பேர் தேர்தலோ? நான் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கிட்டன்.”

“நீ வெல்லுவியோடி?”

“உனக்கென்ன விசரே? தோக்கத்தான் நிக்கிறன்.”

ஐப்பசி மழையில் வீடு வீடாய்ப் போனாய். ஒரு கிழவி கோப்பி தந்து, “பிள்ளை, நீ தோற்றுப்போவாய்” என்று அன்பாகச் சொல்லி அனுப்பினாளாம். இன்னொருத்தன் கதவிடுக்கால் “வந்த இடத்துக்கே திரும்பிப் போ” என்றானாம். “நோர்வேக்கோ? ஐயோ, அங்கை சரியான குளிர் எண்டனான்” என்று நீ சொல்ல, ரீ-பான் ரயிலில் ஏறியிருந்த நான் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

அந்தக் குணம் அமெரிக்கா தந்ததில்லை. நீ அமெரிக்கா போகமுன்பு, இங்கே அம்மருட்டில் நாமிருவரும் ஒரே அடுக்குமாடியில் மேலும் கீழுமாக இருந்த காலத்திலேயே அதைப் பார்த்துவிட்டேன். குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். இந்த நாட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான்: வேறு பெயர் இல்லையென்றால் கைதட்டியே தலைவரைத் தெரிவுசெய்துவிடுவார்கள். எல்லோரும் தட்டினார்கள். தட்டப்போன என் கையைப் பிடித்து மடியில் அமுக்கிவிட்டு எழும்பினாய். அரைகுறை நொர்ஸ்க் மொழியில், ஒவ்வொருவரும் பெயரைத் தாளில் எழுதிப் போடவேண்டும் என்றாய். கேக் வெட்டக் காத்திருந்த சனம் உன்னை முறைத்தது. கடைசியில் அதே தலைவர்தான் வந்தார். உனக்கோ பரம திருப்தி. “இப்பத்தான் மனுசன் உண்மையா வெண்டவர்” என்றாய்.

படியேறும்போது கேட்டேன், ஏனடி இந்த வேண்டாத வேலை என்று. “ஊரிலை எல்லாரும் ஒரு பக்கமா நிண்டு தட்டினதைப் பாத்துத்தானே ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் வந்து தட்டுறதோ?”

அப்படிப்பட்டவளின் கல்வெட்டில் அவன் படம். உன் புருசனுக்கு உடனே போன் எடுத்தேன்.

“ஓம் தங்கச்சி, வடிவா வந்திருக்கெல்லே? முதல் பக்கம் பாத்தனீங்களோ? காங்கிரஸ்காரரே எழுதித் தந்தவர்!”

“அவர் எழுதேல்லை அண்ணை. ஆர் செத்தாலும் அனுப்புற கடிதத்திலை அவரின்ரை கந்தோரிலை வேலைசெய்யிற ஆரோ பேரை மாத்தியிருக்கினம். ஆதரவாளர் எண்டு கிடக்கு. அவ அவரை எதிர்த்து நிண்டவவெல்லே?”

“எனக்குத் தெரியாதே? தோத்த கதையை ஆர் கல்வெட்டிலை போடுவினம்? சனம் பாக்கிறது ஆர் எழுதினது எண்டுதான். வெண்டவர் எழுதினாத்தான் அவவுக்கும் மரியாதை.”

அவர் கெட்ட மனிதரில்லை. உன்னைத் தையிலிருந்து பங்குனி வரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்துப் பார்த்து உருகியவர். அதனால்தான் எனக்கு இன்னும் அருவருத்தது. நம் சனத்தைப் பிடித்த நோய் இது: செத்தவரைவிட இரங்கல் எழுதியவரின் பதவி பெரிது. கதிரையில் இருக்கிற எவனிடமாவது ஒரு படமும் நாலு வரியும் வாங்கிவிட்டால் பிறவிப் பயன் கிடைத்துவிடும். மிச்சப் பக்கங்களையும் வாசித்தேன். நீ நல்ல மனைவியாம், கோயில் அன்னதானத்துக்குக் கறி காய்ச்சினாயாம். தேர்தல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சீ! உன் ஆயுளில் நீ சொன்ன மிகப் பெரிய ‘இல்லை’யை எடுத்து அவனுக்கு ‘ஓம்’ ஆக்கி, வடிவாக மினுக்கி, ஊரெல்லாம் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, பழைய பேப்பர்ப் பையில் போட்டேன். மனம் ஆறவில்லை.

நேற்றுப் பின்னேரம் இங்கே எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம். கோப்பி, கேக், போன வருடத்துத் தலைவரே மறுபடியும், அம்மருட்டில் கேட்ட அதே வசனம்: “வேறு பெயர் இல்லையென்றால் கைதட்டி ஏற்றுக்கொள்வோம்.” தட்ட ஓங்கிய கைகளுக்கு நடுவில் நான் எழும்பினேன். தாளில் எழுதிப் போடவேண்டும் என்றேன். பின்னாலிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

தாள்களைத் தலைவரே ஒவ்வொன்றாய் விரித்தார். எல்லாம் அவர் பெயர். ஒன்றை விரித்ததும் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உன் நீண்ட பெயரைத் தடுக்கித் தடுக்கி வாசித்தார்.

“இவர் எந்த வாசலில் குடியிருக்கிறார்?”

“இங்கே இல்லை. பங்குனியில் இறந்துவிட்டார்.”

அவர் மெதுவாகச் சொன்னார்: “அப்படியென்றால் இது செல்லாத வாக்கு.”

“தெரியும். செல்லாத வாக்கு என்றே எழுதுங்கள். ஆனால் அந்தப் பெயரோடு கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.”

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அந்த மனிதர் பிழையில்லாமல் எழுதினார். உன் பெயர் ஓரிடத்திலாவது எதிர்த்து நின்ற பெயராகக் கிடக்கிறது.

பிறகு வென்ற தலைவருக்கு எல்லோரும் கைதட்டினார்கள். என் கையைப் பிடித்து அமுக்க நீ பக்கத்தில் இல்லை. நானும் தட்டினேன். இப்போதுதானேடி மனுசன் உண்மையாக வென்றவர்.